முத்துச் சல்லடையும் பித்தளைத் தோட்டாவும்

பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, குண்டு குழலுக்குப் பொருந்துமா என்று எதைக் கொண்டு அளந்தார்கள்?" தமிழ் படித்தவனுக்கு உடனே விடை வரவில்லை. தேடியபோது பாதி விடை எங்கள் கடற்கரையிலேயே கிடந்தது.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புகளில் முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவுத் தட்டுகள். துளைகளின் எண்ணிக்கைதான் வேறு. முதல் சல்லடையில் 20, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. முதல் நான்கில் தங்கியவை 'மேல்', அதற்குப் பின் வந்தவற்றில் தங்கியவை 'வடிவு', அனைத்தையும் கடந்து கீழே விழுந்தவை 'தூள்'. எண் ஏற ஏற முத்து சிறுக்கும்.

துப்பாக்கிக்கும் இதே தலைகீழ்க் கணக்குத்தான். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். 16 உருண்டைகளானால் 16 போர். முத்து வணிகரும் துப்பாக்கிக் கொல்லரும் அளவை எண்ணிக்கையால் அழைத்தார்கள் என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1801இல் ஊமைத்துரையின் கோட்டையைத் தாக்கிய கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் முக்கால் அங்குல விட்டம், குண்டோ 0.69 அங்குலம்தான். அதாவது 11 போர்க் குழலுக்குள் 14 போர்க் குண்டு. இந்தத் தளர்வு வேண்டுமென்றே விடப்பட்டது. நாலு முறை சுட்டதும் கரி படிந்து குழல் குறுகிவிடும். இறுக்கமான குண்டு உள்ளே போகாது. குறி தவறினாலும் விரைவாகச் சுடுவதே முக்கியம் என்று கருதிய காலம் அது.

பித்தளை உறை வந்த பிறகு கதை மாறுகிறது. தோட்டா உறைக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. சுடும்போது உறை விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் தடுக்கிறது. பிறகு சற்றே சுருங்கி வெளியே வருகிறது. ஆனால் பழைய உருவுக்குத் திரும்புவதில்லை. மறுபடி மருந்திட்டுப் பயன்படுத்த வேண்டுமானால் எஃகு அச்சுக்குள் செலுத்தி அதை இறுக்க வேண்டும்.

அந்த அச்சை எவ்வளவு இறக்குவது என்பதில்தான் சூட்சுமம். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அறைக்குள் அதை நிறுத்துவது அந்த விளிம்பே, தோள் அல்ல. சேறும் மண்ணும் புகுந்தாலும் துப்பாக்கி இயங்க வேண்டும் என்பதற்காக அறையைத் தாராளமாகக் குடைந்திருந்தார்கள். ஆகவே சுட்ட உறையின் தோள் முன்னே நகர்ந்திருக்கும். அச்சை முழுவதும் இறக்கி ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னுக்குத் தள்ளினால், பித்தளை நீண்டும் சுருங்கியும் களைத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையம் தோன்றும். அதுதான் எச்சரிக்கை. அடுத்த சூட்டில் உறை அங்கே இரண்டாகப் பிரியலாம். விவரம் தெரிந்தவர்கள் உறையின் கழுத்தையும் தோளையும் மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கருக்குவார்கள். அச்சைச் சிறிது சிறிதாக இறக்கி, கரி எதுவரை அழிகிறது என்று பார்த்து, தோளைத் தொடுமுன் நிறுத்துவார்கள். இந்தப் பக்குவம் நம் பொற்கொல்லர்களுக்கு விளங்காத ஒன்றல்ல.

ஆனால் நம் நாட்டில் இது பொழுதுபோக்காக வளரவில்லை. காரணம் அரசியல். 1801 டிசம்பரில் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிவிப்பு வந்தது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே என்பீல்டு துப்பாக்கியின் உள்வரிகளைக் கடைந்தெடுத்து, குறி குன்றிய வழவழப்பான குழலாக்கிக் கொடுத்தார்கள். 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்கு.

மறுநிரப்பைப் பற்றிய அச்சம் வெளிப்படையாகத் தெரிவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் பல கைகளில் சிதறியிருந்தன. வேட்டைக்காரர்களின் .450 தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி அவற்றுக்கு இட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, அந்த அளவின் இறக்குமதியையே அரசு தடைசெய்தது. இலண்டன் துப்பாக்கி வணிகர்கள் அசரவில்லை. .465, .470, .475 என்று தடைக்குச் சற்றே விலகிய அளவுகளைச் செய்து அனுப்பினார்கள். ஆயிரத்தில் சில பங்கு அங்குலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தின் சட்டம் வழுக்கியது என்பதை நான் கொஞ்சம் இரசித்தே படித்தேன்.

பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 துப்பாக்கியையே எடுத்து, குழலைக் குடைந்து .410 ஆக்கி, தோட்டா இருக்கும் பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா என்ற கணக்கில் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். நம் காவல் நிலையங்களில் 'மஸ்கட்' என்று புழங்கியது அதுதான். அதன் தோட்டா வேறொன்றுமில்லை, கழுத்துக் குறுக்கப்படாத.303 உறை. அச்சில் கடைசி ஒரு வேலையைச் செய்யாமல் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவே. கலகக்காரர் கையில் சிக்கினாலும் படையின் தோட்டாவால் அவருக்குப் பயனிருக்கக் கூடாது என்பது கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1959 சட்டத்தின் கீழும் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட அளவாகவே நீடித்தது. உரிமம் பெற்றவர்களுக்காக இஷாப்பூரில் .315 துப்பாக்கி செய்தார்கள். சுடுபயிற்சித் திடல்களில் காலி உறைகளைப் பொறுக்கி, எண்ணி, கணக்கோடு ஒப்படைக்கும் வழக்கம் தொடர்கிறது. எங்கள் கரையில் எண்ணுவதற்கு முத்து இல்லை. தூத்துக்குடியின் கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது.