ஏலமலைச் சரிவில் காகித விண்மீன்: போடிநாயக்கனூர் வட்டாரமும் கிறித்துமஸ் கைவினையின் உழைப்பு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்துமஸ் காலத்தில் குழந்தைகளுடன் இல்லத்தில் செய்யப்படும் எளிய அணிப்பொருள்கள் சமயச் சடங்கின் துணைப்பொருள்களாகவே கருதப்பட்டு, வரலாற்றாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு செய்யப்படும் விண்மீனை மையமாகக் கொண்டு, அது பள்ளிக் கைவினையோடு கொண்ட உறவையும், போடிநாயக்கனூர், ஏலமலை ஆகிய பகுதிகளின் உழைப்புச் சூழலில் அது பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இல்லத்துக் கைவினையின் வரலாறு, பெரியவரும் குழந்தையும் ஒருங்கே பெற்ற ஓய்வுநேரத்தின் வரலாறே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஏலமலை, போடிநாயக்கனூர், கிறித்துமஸ் விண்மீன், குடில், தோட்டத் தொழிலாளர், குழந்தைமை

முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற நகரம். விளைநிலம் பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும், உழைப்பின் பெரும்பகுதியும் வணிகமும் தமிழகத்துச் சமவெளியிலும் அமைந்திருப்பது இவ்வட்டாரத்தின் தனித்தன்மை. ஏலச்செடியின் காய்கள் ஒருசேர முதிர்வதில்லை. ஆகவே ஏறத்தாழ ஆடியில் தொடங்கித் தை, மாசி வரை பல சுற்றுகளாக அறுவடை நடைபெறுகிறது. கிறித்துமஸ் வரும் மார்கழி, மலையில் காய்பறிப்புக் காலமாகவும் அமைகிறது. திருநாளுக்குரிய கைவேலையும் தோட்டத்துக்குரிய கைவேலையும் ஒரே மாதத்தில் எதிரெதிர் நிற்கும் இந்நிலையே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

பள்ளியறையில் தோன்றிய விண்மீன்

கிறித்துமஸ் அணிகளுள் காகித விண்மீனின் பிறப்பு கருதத்தக்கது. செருமனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொராவியச் சபையினர் நடத்திய சிறுவர் பள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்குரிய பயிற்சியாக அது செய்யப்பட்டது. சதுர அடி கொண்ட 17 கூம்புகளும் முக்கோண அடி கொண்ட 8 கூம்புகளும் இணைந்த வடிவம் அது. பின்னர் 1897இல் ஹெர்ன்ஹுட் நகரில் அதன் வணிக உற்பத்தி தொடங்கியது. கடையில் விற்கும் பண்டமாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது மாணவர் கைவேலையாக இருந்தது என்பது இங்கு முதன்மையானது.

மொராவியர் 1760 முதல் 1803 வரை தரங்கம்பாடியில் குடியேறி வாழ்ந்தனர். இதைக்கொண்டு விண்மீன் தரங்கம்பாடி வழியே தமிழகம் வந்ததெனக் கருத இடமுண்டு. ஆனால் அவர்கள் அங்கிருந்து நீங்கிய பின்னரே நீஸ்கிப் பள்ளியில் அவ்வடிவம் தோன்றியதால் காலக்கணக்கு பொருந்துவதில்லை. மேலும், தமிழக விண்மீன் ஐந்து முனைகளும் மூங்கிற் சட்டமும் உடையது, அமைப்பில் வேறானது. ஆகவே இவ்விரண்டையும் தாய்வடிவும் வழிவடிவும் எனக் கொள்வதினும், பள்ளிக் கைவினை என்னும் பொதுச் சூழலில் வைத்து நோக்குவதே தகும்.

அச்சூழல் தமிழகத்திலும் உருவானது. 1837இல் பிரெடரிக் புரோபல் தொடங்கிய மழலையர் கல்விமுறை தாள் மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகியவற்றைக் கற்றலின் வழிகளாக்கியது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், திண்டுக்கல், பெரியகுளம் முதலிய இடங்களில் பள்ளிகளை நிறுவியது. பசுமலை அதன் ஆசிரியர் பயிற்சிக்குரிய இடமாயிற்று. 1937இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகில் தோன்றிய காந்திகிராமம் அந்நெறியை இவ்வட்டாரத்துக்கு அண்மையில் கொணர்ந்தது. நோக்கத்தில் இவை வேறுபட்டவை. எனினும் குழந்தையின் கைவேலை வீண்பொழுது அன்று, கல்வியே என்னும் கருத்தில் ஒன்றுபட்டவை.

செய்முறையும் வேலைப் பகுப்பும்

ஒரே நீளமுள்ள ஐந்து மூங்கிற் சிம்புகளை ஒன்றன்மேலும் கீழுமாகக் குறுக்கிட்டு, முனைகளை நூலால் கட்டினால் ஐந்துமுனைச் சட்டம் அமையும். ஒவ்வொரு முனையின் கோணமும் 36 பாகை. இவ்வாறு இரு சட்டங்கள் செய்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உட்புறச் சந்திப்புகள் ஐந்திலும் சிறு குச்சிகளை நிறுத்தினால் விண்மீன் புடைத்து நிற்கும். ஒட்டவேண்டிய தாள்கள், முன்னும் பின்னுமாக ஐவைந்து முக்கோணங்கள், நடுவில் ஓர் ஐங்கோணம் வீதம் இரண்டு, பக்கங்களில் பத்துக் குறுகிய முக்கோணங்கள் என 22 துண்டுகள். விளக்கு வைப்பதற்கென ஒன்று திறந்தநிலையில் விடப்படும். வண்ணத்தாள், கண்ணாடித்தாள், மைதாப் பசை என்பனவே தேவைப்படும் பொருள்கள்.

இச்செய்முறை ஒரு வேலைப் பகுப்பை உட்கொண்டது. மூங்கிலைப் பிளந்து சீவுதல் கத்திப் பழக்கமுள்ள பெரியவரின் வேலை. வளையும் சிம்பை ஒருவர் பிடிக்க மற்றொருவர் கட்டவேண்டும். தாள் வெட்டுதலும் பசை தடவுதலும் குழந்தையின் வேலை. குழந்தை தனியே செய்து முடிக்க இயலாத, பெரியவர் தனியே செய்யத் தேவையற்ற பொருள் இது. அதற்கு வேண்டிய அரிய மூலப்பொருள் தாளன்று. இருவருக்கும் பொதுவான சில மணிநேரமே.

குடிலும் முளைவிட்ட தானியமும்

விண்மீனுக்கு அடுத்து நிற்பது குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிசு அமைத்த காட்சியிலிருந்து இம்மரபைத் தொடங்குவது வழக்கம். தமிழகத்து இல்லங்களில் அது உள்ளூர்ப் பொருள்களால் உருப்பெறுகிறது. சிமெண்டு மூட்டையின் தாளைக் கசக்கி வண்ணம் பூசினால் மலை; வைக்கோல் வேய்ந்தால் கூரை; தட்டில் விதைத்த கேழ்வரகோ கோதுமையோ முளைத்தால் புல்வெளி.

முளைவிடுவித்தலில் இரு உள்ளூர் மரபுகளின் சாயலைக் காணலாம். ஒன்று, மதுரை, தேனி வட்டாரங்களில் அம்மன் விழாவுக்குரிய முளைப்பாரி. மற்றொன்று, நவராத்திரிக் கொலுவின் கீழ்ப்படியில் கேழ்வரகும் கடுகும் முளைக்கச் சிறுவர் அமைக்கும் பூங்கா. முளைப்பாரி ஊர்வலமாகச் சென்று நீரில் கரைக்கப்படுவது. குடிலின் பயிரோ சனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாள் வரை நிலக்காட்சியாக நிற்பது. ஆகவே பயன்பாட்டில் அது கொலுப் பூங்காவுக்கே நெருங்கியது. சமய எல்லைகளைக் கடந்து, பண்டிகையின் ஒரு மூலையைச் சிறுவரின் பொறுப்பில் விடும் தமிழ் வழக்கம் இரண்டிலும் பொதுவாகக் காணப்படுகிறது.

மலையின் உழைப்பும் குழந்தையின் கையும்

1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற நில உரிமையைத் தொடர்ந்து கண்ணன் தேவன் மலையில் தோட்டங்கள் பெருகின. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியே அடிவாரத்துக்கு இறங்கிய தேயிலை, போடிநாயக்கனூர் வழியே வெளியேறியது. 1928இல் போடி வரை இருப்புப்பாதை வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் தங்கினர். ஏலத்தோட்டத்தின் முறை வேறு. பெரும்பாலும் சிறு உடைமைகளான அவற்றுக்குத் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு முதலிய மலைவழிகளில் சென்று, அந்தியில் திரும்புகின்றனர். சமவெளியில் தங்கியோர்க்கு ஏலக்காய்த் தரம்பிரிக்கும் வேலை உண்டு.

இவ்வேறுபாடு சட்டத்திலும் எதிரொலித்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 12 வயது நிறையாத குழந்தைகளை வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதிக்கும் இடம் செய்தது. ஆயினும் அது தொடக்கத்தில் நேரடியாகச் சுட்டியவை தேயிலை, காப்பி, இரப்பர், சிங்கோனா ஆகிய நான்கே. பிற தோட்டங்களுக்கு விரிவாக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இருந்தபோதிலும், சட்ட வாசகத்தில் ஏலம் இடம்பெற்றது 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். அப்போதும் ஐந்து எக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் என்பது வரம்பாயிற்று. அவ்வரம்புக்குக் கீழ்ப்பட்ட சிறு தோட்டங்கள் வெளியே நின்றன.

இப்பின்னணியில் நோக்கும்போது காகித விண்மீன் வேறொரு சான்றாகிறது. காயைக் காம்பிலிருந்து பறிக்கவும் தரம் பிரிக்கவும் வேண்டிய நுண்விரல் திறனே தாள் வெட்டவும் நூல் கட்டவும் வேண்டுவது. ஒரே விரல்கள் எவ்வேலைக்குச் செல்கின்றன என்பதைத் தீர்மானிப்பவை பள்ளி, சட்டம், தாயின் வேலைநேரம் ஆகிய மூன்றும். அரையாண்டு விடுமுறையில் குழந்தை வீட்டில் இருக்கும். பறிப்புக்காலமாதலால் தாய் மலையில் இருப்பாள். விண்மீனுக்குத் தேவையான பொதுநேரம் இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒதுங்கிவிடுகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் மடக்கி விரிக்கும் அச்சுத்தாள் விண்மீன்களும் மின்விளக்குப் பதித்த நெகிழி விண்மீன்களும் கடைகளை நிறைத்துள்ளன. இதனை மரபின் அழிவென்றோ சோம்பலென்றோ கூறுவது எளிது. ஆனால் நாட்கூலியில் வாழும் இல்லத்துக்கு, கடை விண்மீன் விலைக்கு வாங்கப்படும் நேரமாகும். கைவினை குன்றியதற்கான காரணத்தைப் பண்பாட்டு மறதியில் தேடுமுன் வேலைநேரக் கணக்கில் தேடவேண்டியுள்ளது.

முடிவுரை

பள்ளிக் கைவினையின் சூழலில் உருப்பெற்ற காகித விண்மீன், தமிழக இல்லங்களில் மூங்கிலும் பசையும் கொண்டு உள்ளூர் வடிவம் பெற்றது. குடிலின் முளைப்பயிர், அவ்வடிவம் உள்ளூர்ப் பண்டிகை வழக்கங்களோடு கலந்த முறையைக் காட்டுகிறது. ஏலமலைச் சரிவுகளின் உழைப்பு வரலாற்றோடு இணைத்து நோக்கும்போது, இவ்வணிப்பொருள்கள் குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் ஒருசேரக் கிடைத்த ஓய்வின் அளவுகோல்களாகின்றன. திருநாள் முடிந்ததும் எறியப்படுவதால் இவை ஆவணக்காப்பகங்களில் எஞ்சுவதில்லை. ஆகவே தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர் கூலி, கடன், நோய் ஆகியவற்றோடு, விண்மீனை யார் செய்தார், எந்த நேரத்தில் செய்தார், உடனிருந்தவர் யார் என்னும் வினாக்களையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.