பழைய நிரலுக்கும் ஓரிடம்

கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே பொது நூலகத்தை நம்பி வாழ்கின்றன. அந்நூலகம் மாறினால் பழைய நிரலின் கதி யாது? 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன்.

லினக்ஸ் கணிப்பொறிகளின் குனு சி நூலகத்தில் ‘மெம்கோப்பி’ என்றொரு செயற்கூறு உண்டு. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியில் படியெடுப்பது அதன் பணி. அவ்விரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிதலாகாது என்பது விதி. விதியை மீறிய நிரல்களும் நெடுநாள் பிழைத்திருந்தன. படியெடுப்பு தொடக்கத்திலிருந்து நடந்தமையே காரணம். விரைவு கருதிச் சில செயலிகளில் அதனை இறுதியிலிருந்து நடத்தும் முறை புகுந்தது. எடுக்கப்படாத செய்தி, எடுக்குமுன்னரே அழிந்தது; ஃபெடோரா 14இல் அடோபியின் ஃபிளாஷ் நிரலில் ஒலி சிதைந்தது.

விதியைப் பார்த்தால் குற்றம் ஃபிளாஷினுடையதே. ஆனால் ஒலி கேளாத பயனருக்கு அதனால் என்ன பயன் என்ற கருத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் வாதிட்டார். எனக்கும் அவர் பக்கமே நியாயம் தோன்றுகிறது.

2011இல் வந்த 2.14ஆம் பதிப்பு ஒரே பெயருக்கு இரு பதிப்புக்குறிகளைத் தந்தது. பழைய குறியோடு வரும் நிரலுக்கு, கவிதலைப் பொறுக்கும் ‘மெம்மூவ்’ பணி செய்யும். புதிதாக உருவாக்கப்படும் நிரலுக்கு விரைவான முறை கிட்டும். ஃபிளாஷுக்கு அளித்துவந்த ஆதரவை அடோபி 2020இன் இறுதியில் நிறுத்திற்று. அப்பழைய குறியோ இன்றும் நூலகத்தில் இருக்கிறது.