205/55 ஆர்16 91வி: ஒரு டயர்க் கல்வெட்டை வாசித்தல்

வேகத்தை விரும்பிச் செடான் கார் வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்து டயர்க் கடை ஒன்றில் வந்து நிற்கிறார். கடைக்காரர் குனிந்து பழைய டயரின் பக்கச்சுவரைப் படிக்கிறார்: 205/55 ஆர்16 91வி. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா முதலிய கார்களில் இந்த அளவைக் காணலாம். அதன்பின் பேச்சு விலைக்கும் நிறுவனப் பெயருக்கும் நகர்ந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரி ஒரே காலத்தில் எழுதப்பட்டதன்று என்பதே இப்பதிவின் வாதம். அதன் குறிகள் வெவ்வேறு பத்தாண்டுகளில், வெவ்வேறு நாட்டுச் சாலைகளை முன்னிட்டுச் சேர்ந்தவை. அவற்றின் வரலாறு தெரியாமல் தெரிவு செய்பவர், பெரும்பாலும் இன்னொருவருடைய சாலைக்கான டயரையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

‘ஆர்’ என்பதிலிருந்து தொடங்கலாம். இதை ஆரம் என்று பொருள்கொள்வோர் பொறியியல் மாணவர்களிடையேயும் உண்டு. 16 என்பது சக்கரத்தின் ஆரமன்று, அங்குலத்தில் விட்டம். ‘ஆர்’ குறிப்பது ரேடியல் என்னும் கட்டமைப்பை. அதற்கு முந்தைய டயர்களில் நூலிழை அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். பக்கச்சுவர் வளையும்போதெல்லாம் தரையைத் தொடும் பட்டையும் சேர்ந்து நெளியும்; அடுக்குகள் உரசிக்கொண்டு சூடாகும். பிரான்சின் மிஷெலின் நிறுவனத்தில் மாரியுஸ் மிஞோல் இந்தச் சூட்டை ஆராயப் புகுந்தார். பக்கச்சுவரில் இடைவெளிவிட்டு நேர்க்குத்தாக உலோக இழைகளை மட்டும் நிறுத்திய ஒரு சோதனை டயரை அவர் உருவாக்கினார். பார்ப்பதற்கு ஈக்கூண்டு போல இருந்ததால் அப்பெயரே அதற்கு நிலைத்தது. 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1949இல் ‘எக்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த டயரின் வேர் அதுதான். பக்கச்சுவர் தனியே வளைய, எஃகுப் பட்டையால் இறுக்கப்பட்ட மேற்பரப்பு தரையில் சமமாகப் படிந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும் கார் தடம் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அதே 1946இல் சென்னையில் கே. எம். மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையைத் தொடங்கினார். பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆன அந்நிறுவனம், டயர் செய்வதற்கு முன்பாக 1952இல் இறங்கிய தொழில், தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ‘டிரெட் ரப்பர்’ உற்பத்தி. இந்த வரிசையை நான் தற்செயலாகக் கருதவில்லை. வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் 1936இலேயே ஆலை அமைத்திருந்தபோதும், விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் டயர் என்பது தெரிவுக்குரிய பண்டமாக இருக்கவில்லை. காப்பாற்றிப் பயன்படுத்த வேண்டிய சொத்தாகவே இருந்தது. அம்பாசடர் என்றால் 5.90-15, பத்மினி என்றால் 5.20-14. அவ்வளவில் உயர விகிதமும் இல்லை, வேக எழுத்தும் இல்லை. எந்த டயர் என்பதைவிட, இன்னொரு முறை ரீட்ரெட் தாங்குமா என்பதே கேள்வியாக இருந்தது.

1961இல் மான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க நிறுவனத்தின் கூட்டுறவோடு எம்.ஆர்.எஃப். டயர் உற்பத்தியில் இறங்கியது. 1977இல் ஜே.கே. நிறுவனம் ரேடியல் டயரை இந்தியாவில் தயாரித்தது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் கார் அன்று இங்கே இல்லை. லாரிகளோ மிகைச் சுமையின் காரணமாக, கடைத்தெரு ‘நைலான் டயர்’ என்றழைக்கும் பழைய வகையை இந்த நூற்றாண்டு வரை விடவில்லை. மாருதிக்குப் பிறகு வந்த கார்களும் 1990களின் தாராளமயமும்தான் ரேடியலைக் கார்களின் இயல்பாக்கின.

55க்கு வருவோம். டயரின் அகலமான 205 மில்லிமீட்டரில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதே இந்த எண். (அகலம் மில்லிமீட்டரில், சக்கரம் அங்குலத்தில்! 1975இல் மிஷெலின் 390 மில்லிமீட்டர் சக்கரத்தோடு ‘டி.ஆர்.எக்ஸ்.’ டயரைக் கொண்டுவந்து இந்தக் கலப்பைத் தீர்க்க முயன்றது. அங்குலமே வென்றது.) தாழ்ந்த பக்கச்சுவர் பந்தயக் களத்தின் கொடை. 1970களில் இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் பந்தயக் காருக்காக உருவாக்கிய ‘பி7’, போர்ஷே 911 டர்போ வழியாகச் சாலைக்கு வந்தது. பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கின் கட்டளை தாமதமின்றிச் சக்கரத்தை எட்டும். இன்றைய இளைஞர்கள் 16 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 17க்கு மாறுவதும் அந்த மரபின் நீட்சியே. 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 632இலிருந்து 634 மில்லிமீட்டராக மட்டுமே மாறும். வேகமானி பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகக் குறைந்துவிடும். நம் சாலைப் பள்ளத்தில் சக்கர விளிம்பைக் காப்பது அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு அழகான இந்த மாற்றத்தை, பள்ளம் நிறைந்த நகரத்தில் வாழ்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

91 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயருக்கு 615 கிலோ. இதற்குக் குறைந்ததை வாங்கக் கூடாது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

‘வி’ சுவையானது. வேக எழுத்துகள் எஸ் 180, டி 190, யு 200 என அகரவரிசையில் ஏறிவருகின்றன. திடீரென்று ஹெச் 210 என்று குதித்து, வி 240க்குத் திரும்புகின்றன. எஸ், ஹெச், வி என்ற மூன்று வகுப்புகள் மட்டும் ஐரோப்பாவில் வழங்கிய பழைய முறையின் எச்சம் இது. பிற எழுத்துகள் பின்னர் இடைவெளிகளை நிரப்பின. ஹெச் தன் பழைய இருக்கையை விட்டு எழவில்லை. 2018 அறிவிக்கையின்படி நம் விரைவுச்சாலைகளில் கார்களின் உச்ச வேகம் 120 கிலோமீட்டர். பின் 240 எதற்கு என்று கேட்கலாம். வேகக் குறியீடு அடிப்படையில் டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் அளவு. மிஞோலின் ஈக்கூண்டு எழுப்பிய அதே கேள்வி. மே மாதத் தார்ச்சாலையில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய காரில், காற்று சற்றுக் குறைந்த டயருக்கு அந்த மிகுதி ஆடம்பரமன்று.

இனி அந்த வரியில் எழுதப்படாதது. ஈரச் சாலையில் இந்த டயர் எப்படி நிற்கும் என்பதற்கு அதில் ஒரு குறியும் இல்லை. பிடிப்பு, ஆயுள், எரிபொருள் சிக்கனம் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. மென்மையான ரப்பர் பற்றும், விரைவில் தேயும். 1990களில் கார்பன் பிளாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலக்கும் முறை பரவியபோதுதான், உருளல் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப்பிடிப்பையும் உயர்த்த முடிந்தது. ஒரே அளவுள்ள இரு டயர்களுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு இக்கலவையில்தான் இருக்கிறது. பக்கச்சுவரோ அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் ஈரப்பிடிப்பின் தரத்தை வாங்குவோர் பார்க்கும் சீட்டில் அச்சிடச் செய்தது. இந்தியாவில் ஈரப்பிடிப்பு, உருளல் தடை, உருளல் ஒலி ஆகியவற்றுக்கான விதி 2022இல் வந்தது. ஆனால் அது தாண்ட வேண்டிய குறைந்தபட்சக் கோடு மட்டுமே. தேறிய இருவரில் யார் மேல் என்று அது சொல்லாது. ஆண்டுதோறும் மழைக்காலம் வரும் நாட்டில் இந்த மௌனம் எனக்கு வியப்பளிக்கிறது.

தெரிவின் எல்லையை அரசும் வரைகிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, உரிமம் தேவை என்றாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அதன் சுமை பரவலாக விற்கும் அளவுகளைவிட, இங்கே செய்யப்படாத 18 அங்குலத்துக்கு மேற்பட்ட அரிய அளவுகளின்மேல்தான் விழும். அத்தகைய டயர் விற்காமல் நெடுநாள் கிடங்கில் கிடந்திருக்கவும் கூடும். ரப்பர் கிடந்தபடியே இறுகுவது. ஆகவே பணம் கொடுக்குமுன் பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். 2324 என்றிருந்தால், அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.