மெழுகு ஒன்று, தொழில் இரண்டு

தமிழில் ‘மெழுகு’ என்பது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தேனடையிலிருந்து எடுப்பது மெழுகு. சாணத்தைக் கரைத்துத் தரையில் பூசுவது மெழுகுதல். ஒரு பரப்பின்மேல் மெல்லிய பூச்சொன்றைப் படரவிட்டு அப்பரப்பைப் பேணுவது என்னும் கருத்து இரண்டிலும் இருப்பதை நாம் உணரலாம். பேணுவது என்றால் எதனிடமிருந்து பேணுவது? இந்த வினாவே, வண்டிப் பிரியர்கள் நெடுநாளாக எழுப்பிவரும் ஓர் ஐயத்திற்குத் திறவுகோலாக அமைகிறது. வார்ப்பச்சுகளுக்குப் பூசும் தொழிற்சாலை மெழுகை, பட்டறைகளில் ‘மோல்டு வேக்ஸ்’ என்று வழங்குவதை, மகிழுந்தின் வண்ணப்பூச்சின்மேல் பூசலாமா என்பதே அந்த ஐயம். அது கடினமானது, வெப்பம் தாங்குவது, பளபளப்பது. பின் ஏன் கூடாது என்பது கேட்போர் வாதம். விடை காண, இரு மெழுகுகளும் நடந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மகிழுந்து பிறந்தபோது அதற்கெனத் தனி வண்ணமுறை இருக்கவில்லை. குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே அதற்கும் பூசினர். பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு உழைத்துப் பெற்ற மெருகு வெயிலிலும் மழையிலும் விரைவில் மங்கியது. அந்த மங்கலைப் போக்க முன்வந்தவர்கள் மரச்சாமான்களுக்கும் மரத்தளங்களுக்கும் மெருகு செய்து பழகியவர்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிராங்க் மெகுயர் 1901இல் மரச்சாமான் மெருகு செய்யத் தொடங்கினார். அந்நிறுவனமே பின்னாளில் மகிழுந்து மெருகுக்குப் பெயர்பெற்றது. 1910இல் சிகாகோவில் தோன்றிய சைமனிஸ் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே மாறிப்போயிற்று. நம் ‘மெழுகு’ போல அங்கும் ஒரு பெயர் வினையானது.

1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப்பூச்சு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓக்லண்ட் வண்டிகளில் அதை முதலில் பயன்படுத்தியது. வாரக்கணக்கான வேலை மிகவும் சுருங்கியது. ஆனால் இந்தப் பூச்சு உலர்ந்ததும் தானாக ஒளிராது. தேய்த்தே அதன் ஒளியை வரவழைக்க வேண்டும். வெயிலில் அது வெளிறித் தூள்படியும் இயல்பும் உண்டு. ஆகவே தேய்ப்பதும் மெழுகிடுவதும் வண்டி வைத்திருப்போரின் வழக்கமான கடமையாயின.

இங்கே ஒரு பனையை நினைவுகூர வேண்டும். பிரேசிலின் வடகிழக்கே, வறட்சி மிகுந்த சியரா, பியாவி போன்ற மாநிலங்களில் வளர்வது கர்னாபா பனை. நீர் ஆவியாகிப் போகாதிருக்க அது தன் ஓலைமேல் மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலைகளை வெட்டி வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்த தூளை உருக்கி வடித்தால் கர்னாபா மெழுகு கிடைக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும். கர்னாபா உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். கோடை வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் கூரை 70 பாகையைத் தாண்டக்கூடும் என்பதை எண்ணினால் இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும். தரைமெழுகு செய்து வளர்ந்த ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் எச்.எப். ஜான்சன் 1935இல் விஸ்கான்சினின் ரசீன் நகரிலிருந்து பிரேசிலின் போர்ட்டலேசா வரை நீர்நில விமானமொன்றில் பறந்து சென்றார். இந்தப் பனை தம் தொழிலுக்குத் தொடர்ந்து கைகொடுக்குமா என்று நேரில் அறிவதே அவர் நோக்கம்.

மகிழுந்து மெழுகின் கதை இவ்வாறிருக்க, வார்ப்பச்சு மெழுகின் கதை கண்ணாடியிழையோடு விரிவடைகிறது. 1930களில் கண்ணாடியிழை வணிகப் பொருளாயிற்று. பாலியெஸ்டர் ரெசினோடு அதைச் சேர்த்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்களின் ரேடார் மூடிகள் செய்தனர். போருக்குப்பின் படகுகளும், தொடர்ந்து வண்டி உடல்களும் வந்தன. 1953இல் மிச்சிகனின் பிளின்ட் நகரில் செவ்ரோலே கார்வெட் கண்ணாடியிழை உடலோடு உற்பத்திக்கு வந்தது. அவ்வாண்டில் செய்த 300 வண்டிகளும் வெண்ணிறமே.

கண்ணாடியிழைப் பொருளைக் கையால் செய்யும் முறையில், அச்சின் உட்பரப்பில் ரெசினைப் பூசி இழைகளைப் பதித்து இறுகவிடுவர். ரெசினின் இயல்பு ஒட்டுவது. தடுக்காவிட்டால் அது அச்சோடும் ஒட்டிக்கொள்ளும். பொருளும் அச்சும் ஒருங்கே பாழாகும். அதனால் புதிய அச்சுக்குப் பல முறை மெழுகிட்டு, ஒவ்வொரு முறையும் காத்திருந்து துடைத்து மெருகேற்றுவர். தேவைப்பட்டால் அதன்மேல் நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் படலம் ஒன்றையும் தெளிப்பர். பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் மெழுகை அரிக்கவல்லது. ரெசின் இறுகும்போது வெப்பமும் எழும். இரண்டையும் தாங்கும் கடின மெழுகு வேண்டும் என்று தேடியபோது, இங்கும் கைகொடுத்தது பெரும்பாலும் அதே கர்னாபாதான்.

ஆக இரண்டும் ஒரே ஓலையின் பிள்ளைகள். ஆனால் ஏற்ற தொழில் வேறு. மகிழுந்து மெழுகு நீரையும் அழுக்கையும் எதிர்த்து வாரக்கணக்கில் வெளியில் நிற்க வேண்டும். வீட்டிலிருப்பவர் எளிதில் பூசித் துடைக்கவும் வேண்டும். வார்ப்பச்சு மெழுகோ கூரையின்கீழ் ஒரு வார்ப்புக்கோ சில வார்ப்புகளுக்கோ தாங்கினால் போதும், துடைப்பவரும் தொழிலறிந்தவர். மெகுயர் நிறுவனமே ‘மிரர் கிளேஸ்’ என்னும் ஒரே பெயரில் 8ஆம் எண்ணில் வார்ப்பச்சு மெழுகையும் 26ஆம் எண்ணில் மகிழுந்து மெழுகையும் தனித்தனியே விற்றது. இரண்டையும் செய்யத் தெரிந்தவர் ஒன்றே போதும் என்று கருதவில்லை.

இனி ஐயத்திற்கு வருவோம். கர்னாபாவை அடிப்படையாகக் கொண்ட, தேய்ப்புத்துகள் கலவாத வார்ப்பச்சு மெழுகு, நன்கு இறுகிய வண்ணப்பூச்சைக் கெடுத்துவிடாது. அதற்காகப் பெரிய நன்மையும் தந்துவிடாது. அதன் மிகுந்த வெப்பத்தாங்குதல் வெயிலில் நிற்கும் வண்டிக்குத் தேவைக்கு மேற்பட்டது. தடித்துப் பூசினால் துடைத்தெடுக்கக் கை நோகும். புதிதாக வண்ணமடித்த வண்டிக்கு எந்த மெழுகையும் உடனே இடலாகாது. பூச்சிலுள்ள கரைப்பான்கள் வெளியேற வாரங்கள் ஆகும்.

எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு. இன்று வார்ப்பச்சுகளுக்கு மெழுகல்லாத விடுவிப்பான்களும் உண்டு. ‘அரைநிலை’ வகை எனப்படும் இவை பரப்பின்மேல் வேதிவினையால் இறுகிப் படலமாகிவிடும். மெழுகைக் கரைப்பானால் துடைத்துவிடலாம். இப்படலத்தைப் பெரும்பாலும் தேய்த்தே நீக்க வேண்டும். எதுவும் ஒட்டாதிருக்கவே பிறந்த படலம் வண்டியின்மேல் தங்கிவிட்டால், பின்னொரு நாள் கீறலை மறைக்க வரும் புதிய வண்ணமும் ஒட்டாது. டப்பா ஒத்த தோற்றம் கொண்டது என்பதற்காக இதை மெழுகென்று எண்ணி ஏமாறலாகாது.

சிலிக்கோன் எண்ணெயின் கதை இன்னும் வியப்பானது. 1950களிலிருந்து வீட்டு மெருகுகளிலும் வண்டி மெருகுகளிலும் அது பரவிற்று. எளிதில் படரும், நன்கு ஒளிரும். ஆனால் அதன் சுவடு எஞ்சிய பரப்பில் புது வண்ணம் தெளித்தால், வண்ணம் ஆங்காங்கே விலகிச் சிறு குழிகளாகும். வண்ணத் தொழிலாளர் அதனை மீன்கண் என்பர். வார்த்தெடுத்த பொருளுக்குப் பின்னர் வண்ணமடிக்க வேண்டியிருப்பதால், வார்ப்பச்சு மெழுகுகள் பலவற்றைச் சிலிக்கோன் இல்லாமலே செய்கின்றனர். அதாவது, தொழிற்சாலை மெழுகு வண்டிக்குத் தீங்கு செய்யுமோ என்று நாம் அஞ்சுகிறோம். வண்ணப் பட்டறையோ நம் வீட்டு மெருகைக் கண்டு அஞ்சுகிறது. அதே போல் வண்டி மெழுகை அச்சுக்குப் பூசுவதே இரண்டில் பெரிய பிழை. வண்டியில் மெழுகு தவறினால் ஒரு மாதத்து ஒளி போகும். அச்சில் தவறினால் அச்சே போகும்.

எனவே கையிலுள்ளது எது என்று முதலில் அறிய வேண்டும். மெழுகாயின், சிலிக்கோனும் தேய்ப்புத்துகளும் இல்லையாயின், மெல்லியதாகப் பூசலாம், தீங்கில்லை. அரைநிலை விடுவிப்பானாயின் வண்டியின் அருகே கொண்டுவரலாகாது. வண்டி மெழுகு எளிதில் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அது அந்தத் தொழிலுக்கென்றே பிறந்தது. எந்த மெழுகை இட்டாலும், அடுத்து வண்ணமடிப்பவரிடம் அதைச் சொல்லிவிடுவது நலம். தூரிகையை எடுக்குமுன் எதைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்வார்.