கந்தல் பந்திலிருந்து கோஹிமா மருத்துவமனைக்கு

தாலிமெரன் ஆவ், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் காற்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் ஆட்டத்தை விட்டு நாகாலாந்து மலைகளில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1918 ஜனவரி 28 அன்று சாங்கி என்ற நாகா கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்துதான் அவர் முதலில் உதைத்த பந்து. 1935இல் டைபாய்டு காய்ச்சலில் கிடந்த தந்தை, மகன் டாக்டராகித் தம் மக்களுக்கு உழைக்க வேண்டும் என்ற ஆசையைச் சொல்லிவிட்டுக் கண்மூடினார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற வழி கொடுத்ததும் காற்பந்துதான். குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படிக்கும்போது மகாராணா கிளப்புக்கு ஆடிப் பேர் வாங்கினார். 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அது இன்றைய ஆர்.ஜி.கர் கல்லூரி. மறு ஆண்டே மோகன் பகான் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. காலையில் வகுப்பும் வார்டும், மாலையில் திடலும் என்று ஆண்டுகள் ஓடின. தற்காப்பு நடு ஆட்டக்காரரான அவர் கிளப்புக்கும் தலைவரானார்.

1948இல் லண்டன் ஒலிம்பிக். தொடக்க அணிவகுப்பில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவ். ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு நகரில் பிரான்சுடன் மோதிய குழுவில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், சாரங்கபாணி ராமன் என்று தென்னாட்டுப் பெயர்கள் பல அந்தக் குழுவில் இருந்தன. பிரான்ஸ் முதல் கோலைப் போட, 70ஆவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோலால் 2-1 என்று இந்தியா தோற்றது. ஏன் காலணி இல்லை என்று கேட்ட நிருபரிடம், “நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்” என்று ஆவ் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆர்சனல் கிளப் அவரை அழைத்தது, படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

அன்றைய இந்தியக் காற்பந்து சோறு போடும் தொழிலாகவில்லை. ஆட்டக்காரர்கள் ஏதாவது ஓர் உத்தியோகத்தை நம்பியே இருந்தார்கள். கால் தளர்ந்தால் பேரும் தளர்ந்துவிடும். டாக்டர் கிடைப்பதோ நாட்டின் ஒதுக்குப்புறங்களில் அரிது.    நாகா மலைகளில் சாலை வசதியும் குறைவு. சொந்த மொழி பேசும் டாக்டர் அங்கே பெரும் வரம்.

1950இல் ஆவ் எம்.பி.பி.எஸ். தேறினார். கல்கத்தாவின் கைதட்டலை விட்டு அசாமின் திப்ரூகர் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சேர்ந்தார். 1953இல் கோஹிமாவின் நாகா மருத்துவமனைக்குத் துணை சிவில் சர்ஜனாக வந்தார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானபின் அதன் சுகாதாரச் சேவை இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1978இல் ஓய்வு பெற்றார்.

பிற்காலத்தில் காற்பந்து பணம் கொழிக்கும் தொழிலான பிறகும் ஆட்டம், மருத்துவம் இரண்டையும் கைக்கொண்டவர்கள் உண்டு. பிரேசில் குழுத் தலைவர் சாக்ரடீஸ், ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து முடித்தார். டென்மார்க்கின் நாடியா நாடிம், ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்து, ஆட்டத்தின் நடுவே 2022இல் டாக்டரானார்.

ஆவ் 1998 செப்டம்பர் 13 அன்று மறைந்தார். மோகன் பகான் 2002இல் தன் உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை அவருக்கு வழங்கியது. வடகிழக்கு மாநிலங்களுக்கிடையிலான காற்பந்துப் போட்டி ஒன்றும் டாக்டர் டி. ஆவ் என்றே, பட்டத்தோடு சேர்த்து, அவர் பெயரைத் தாங்கி நடந்திருக்கிறது.