ஊன்றுகோலின் அளவு

கொத்மலை ஓயாவின் குறுக்கே நிற்கும் அணை 87 மீற்றர் உயரமுடையது. மகாவலித் திட்டத்தின் கீழ்ச் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டப்பெற்று, 1985ஆம் ஆண்டில் அது திறந்துவைக்கப்பட்டது. வெண்பனி பொழிந்தறியாத கொத்மலைக்கும், நெடுமாதங்கள் வெண்பனியில் மூழ்கும் அந்நாட்டிற்கும் இதனினும் பழைய உறவொன்று உண்டெனலாம். மலைச்சரிவில் நடப்போர் கைப்பற்றும் கோலே அவ்வுறவு.

சுவீடனின் வடபுலத்துக் கல்வ்திரெஸ்க் என்னும் ஊரருகே 1924ஆம் ஆண்டில் சேற்றுநிலத்தினின்று பனிச்சறுக்குக் கட்டைகளும் கோலொன்றும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 5,200 ஆண்டுகள். கோலின் ஒரு முனை மண்வாரிபோல் அகன்றிருந்தது. பண்டை வேடனுக்கு ஒரு கோலே ஊன்றவும், வழிதிருப்பவும், பனியை அகழவும் உதவிற்று.

மக்களின் வாழ்வையும் அரசர்களின் விதியையும் இக்கலை தொட்டதுண்டு. 1520-21ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கஸ்தாவ் வாசா பகைவரிடமிருந்து தப்பி, மோரா என்னும் ஊரினின்று நார்வே எல்லையை நோக்கி ஓடினான். மனம்மாறிய ஊரார் அனுப்பிய சறுக்கு வீரர் இருவர் அவனைத் தேடிப்பிடித்து மீட்டனர் என்பது மரபு. 1523இல் அவன் அரசனானான். அந்நிகழ்ச்சியின் நினைவாக 1922 முதல் 90 கிலோமீற்றர் ஓட்டப்போட்டி நடைபெற்று வருகிறது. தந்தையின் சினத்திற்கஞ்சித் துட்டகைமுனு மலைய நாட்டிற்கு ஓடினான் என மகாவம்சம் கூறும். அவன் மறைந்திருந்த இடம் கொத்மலையே என்பது உள்ளூர்ச் செவிவழிச் செய்தி. மலையே இருவர்க்கும் அரணாயிற்று.

பிற்காலத்தில் ஒரு கோல் இரண்டாயிற்று. ஆசியாவிலிருந்து சென்ற மூங்கிலும் அக்கோல்களாயிற்று. 1950களின் இறுதியில் எட் ஸ்கொட் என்பவர் அலுமினியக் கோல்களை வழக்கிற்குக் கொணர்ந்தார். கோல் இரண்டானதும் அளவே தலையாய வினாவாயிற்று. செங்குத்தாய் இறங்குவோர்க்கு, முழங்கை செங்கோணமாய் மடியும் உயரமே பொருந்தும். சமவெளியில் நெடுந்தூரம் செல்வோர் கோலால் உந்திச் செல்வதால், அவர்களுக்குத் தோள் மட்டும் வேண்டும். நீளம் மிகமிக உந்துவிசை மிகும் எனக் கண்டு பலர் கோலை நீட்டவே, சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2016ஆம் ஆண்டில் வரம்பு வகுத்தது. பழைய முறையில் ஓடுவோரின் கோல், காலணியுடன் அளக்கும் உயரத்தின் 83 விழுக்காட்டை மிஞ்சலாகாது. 170 சென்ரிமீற்றர் உயரமுடையார்க்கு அது 141 சென்ரிமீற்றர் அளவாகும்.

தேயிலை மலையில் கோல் இருவகை. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் தலையைச் சமமாக்க அதன்மீது கிடத்தும் மட்டக்கம்பு ஒன்று. அது செடிக்குரிய அளவு. பறிப்போர் உயரமோ வயதோ அதற்குப் பொருட்டன்று. மற்றொன்று, அதே பெண் முதுமையில் பிடிக்கும் ஊன்றுகோல். இஃது ஆளுக்குரிய அளவு. பெரும்பாலும் இதனையே எவரும் அளப்பதில்லை. கைக்கெட்டிய கம்பொன்றை வெட்டிக் கொடுத்துவிடுவர். நீண்ட கோல் தோளை உயர்த்தி நோகச்செய்யும். குறுகிய கோல் முதுகை வளைத்து, சறுக்கலான படிகளில் விழவும் வைக்கும்.

அளவை அறிவது எளிது. காலணியுடன் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டின் மடிப்பளவில் நிற்கவேண்டும். பிடித்தபின் முழங்கை சிறிதே மடியும். சிவனொளிபாத மலைக்கு இரு கோல்களுடன் ஏறுவோர் ஏற்றத்தில் பிடியைத் தாழ்த்தியும் இறக்கத்தில் உயர்த்தியும் பிடிப்பது நலம். ஏற்றத்தில் நிலம் நெருங்குகிறது, இறக்கத்தில் விலகுகிறது.

வாழ்நாளெல்லாம் செடியின் மட்டத்தைக் காத்த கைக்கு, அதன் சொந்த மட்டத்தையும் ஒருமுறை அளந்து கொடுத்தல் இளையோர் கடனாகும். அதற்கு வேண்டுவது சிறு நூலொன்றும் சிறிது பொறுமையுமே.