வன்னியில் வீட்டுத் தங்கல்

வீட்டுத் தங்கல்: பயணம் போகிறவர் விடுதியில் அறை எடுக்காமல், ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டிலோ அவர்களது வளவிலுள்ள தனி வீட்டிலோ பணம் கொடுத்துத் தங்குவது. இலங்கைத் தமிழர் பேச்சில் இன்று 'ஹோம்ஸ்டே' என்றே வழங்குகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வழக்கத்தைச் சுற்றுலா கொண்டுவரவில்லை. விடுதிகளே இல்லாத அந்த நிலத்தில் வீடுகள்தான் வழிப்போக்கரைத் தாங்கின. காசு வாங்கிக்கொண்டு அறை கொடுப்பது மிகவும் பிந்தி வந்தது.

வன்னியில் காடும் குளமும் வயலும் அதிகம், ஊர்கள் குறைவு. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் இருட்டிவிட்டால் ஏதாவதொரு படலையைத் தட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து அரிவி வெட்டுக்கு வந்தவர்கள் வயலோரம் வாடி அடித்துத் தங்கினார்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரைகளில் பருவ மீனவர்களுக்கும் அப்படியே வாடிகள் இருந்தன. வியாபாரத்துக்கோ உத்தியோகத்துக்கோ வந்தவருக்கு விதானையார் வீட்டு மாலில் பாய் விரித்தார்கள். சோறு போட்ட வீட்டில் காசை நீட்டுவது அவமதிப்பு. ஆனால் வருகிறவர்கள் வெறுங்கையோடும் வருவதில்லை, குடாநாட்டுப் பனங்கட்டியோ புகையிலையோ கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இந்த வழக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தவை கோயில்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல். அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கேற்றுவார்கள். பொங்கல் நாளில் நந்திக்கடல் நீரேரி ஓரத்துச் சிற்றூரான வற்றாப்பளை திருவிழாக் கூட்டத்தால் நிரம்பும். முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை வீடுகளில் அன்றைக்கு உறவென்றும் அயல் என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் பாய் கிடக்கும், கிணற்றடியில் இரவு முழுக்க வாளிச் சத்தம் கேட்கும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களும் இப்பகுதியைக் கடந்தே கிழக்கே செல்கிறார்கள். வழிநெடுக அவர்களுக்குக் கோயில் மண்டபமும் ஊர்ச் சோறுந்தான்.

பிரித்தானியர் காலத்தில் அரசு வாடிவீடுகள் வந்தன. வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு போன்ற இடங்களில் இருந்த இவை முதலில் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கே உரியவை. இடம் மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. ஆனையிறவு வாடிவீடு பழைய ஒல்லாந்தர் கோட்டையில் அமைந்து, நீரேரியைப் பார்த்தபடி இருந்ததால் பெயர்பெற்றது, பின்னாளில் உள்நாட்டுப் போரில் அழிந்துபோனது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை முழுமையானதும் பயணிகள் வன்னியில் இறங்காமலே கடந்துபோகத் தொடங்கினார்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, பலருக்கு வன்னி என்பது சாளரத்துக்கு வெளியே ஓடும் காடாகவே இருந்தது. விடுதித் தொழில் இங்கே வளராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுத் தங்கலின் முகத்தை மாற்றியது போர். 1990இல் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளாலி நீரேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. வளவின் ஒரு மூலையைக் காட்டி, 'இதிலை ஒரு கொட்டிலைப் போடுங்கோ' என்று சொல்லிக் கிடுகும் தடியும் கொடுத்தவர்கள் பலர். கிணறு பொதுவானது, அடுப்பு தனித்தனி. நாட்கணக்கு என்று எண்ணி வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இதைச் சுற்றுலா வரலாற்றில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் அறிமுகமில்லாதவரைத் தம் கூரையின் கீழ் நெடுநாள் வைத்திருக்கும் பழக்கமும் மனமும் வன்னி வீடுகளில் ஆழ வேரூன்றியது இந்த ஆண்டுகளில்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் இன்றைய ஹோம்ஸ்டே அந்தரத்தில் தொங்கும்.

அதே ஆண்டுகளில் வவுனியா நகரில் வேறொரு வகைத் தங்கல் உருவானது. வன்னியிலிருந்து தெற்கே போக வேண்டியவர் வவுனியாவில் 'பாஸ்' என்ற பயண அனுமதி எடுக்க வேண்டும். அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நோயாளி, வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளை, மகளின் கலியாணத்துக்குக் கொழும்பு போகும் தாய் என்று எல்லோரும் அந்த நகரில் தேங்கினார்கள். லொட்ஜுகள் நிரம்பவே, வீடுகளில் அறைகளை நாள் வாடகைக்குக் கொடுத்தார்கள். காசுக்கு அறை என்ற ஏற்பாடு வன்னியில் கூச்சமில்லாமல் நடைமுறையானது இப்படித்தான். பயணத்தின் மகிழ்ச்சிக்கு அதில் இடமிருக்கவில்லை.

2002 போர்நிறுத்தத்தின் பின், வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி மீண்டும் திறந்தது. புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளுடன் வந்து உறவினர் வீடுகளில் தங்கினார்கள். தொண்டு நிறுவனங்கள் கிளிநொச்சியில் வீடுகளை வாடகைக்கு எடுத்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு முல்லைத்தீவுக்கு நிவாரணப் பணியாளர்களும் வந்தார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது தங்க வைக்க வீடுகளே இல்லை. வீட்டுக்காரர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களில் இருந்தார்கள்.

போருக்குப் பின் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்து போனார்கள். வீதியோரச் சிற்றுண்டிச்சாலைகளையும் நந்திக்கடலோர விடுதியையும் இராணுவமே நடத்தியது. வருகிறவர்களின் காசில் ஊரவர் கைக்குப் போனது சொற்பம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கிடைத்தது. அதனோடு கடனும் நகையும் சேர்த்து மக்கள் கல்வீடு கட்டினார்கள். 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சிக்குத் திரும்பியது, மறு ஆண்டு யாழ்ப்பாணம் சேர்ந்தது. ஆசிரியர், வங்கி ஊழியர், தொண்டு நிறுவன அலுவலர் ஆகியோருக்கு அறை கொடுத்த வீடுகளே பின்னர் பயணிகளுக்கும் கதவு திறந்தன.

உலகளவில் இத்துறை பழையது. பிரான்சில் 'ழீத் து பிரான்ஸ்' என்ற அமைப்பு 1955 முதல் கிராமத்து வீடுகளைப் பயணிகளுக்கு ஒழுங்குசெய்கிறது. 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏர்பிஎன்பி அதைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஹோம்ஸ்டே, வாடகை வீடு, விருந்தினர் இல்லம் ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாகப் பதிவுசெய்கிறது. வன்னியில் இது மெதுவாகவே பரவுவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. திட்ட வீட்டில் படுக்கையறை இரண்டுதான்; ஒன்றை விருந்தினருக்குக் கொடுத்தால் குடும்பம் எங்கே படுப்பது? காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. போரில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம், பத்திரமில்லாமல் கடன் எடுப்பது பெரும்பாடு. எல்லாவற்றையும்விடக் கடினமானது பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் நிலை. இந்த வருமானம் அவர்களுக்கே மிகவும் தேவை. முன்பின் தெரியாத ஆண்களை வீட்டில் தங்கவைத்தால் அயலின் வாய்க்கும் அவர்களே ஆளாக வேண்டும். 2019 ஈஸ்டர் தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி ஆகியவை அடுத்தடுத்து வந்து, தொடங்கியவர்களையும் தளரவைத்தன.

இத்தகைய வீட்டில் குளிரூட்டி இருக்காமல் போகலாம். நுளம்பு வலை கட்டிய கட்டில், கிணற்றுத் தண்ணீர், காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் குளத்து விரால் குழம்போ நந்திக்கடல் இறாலோ கிடைக்கும். வைகாசி, ஆனியில் போனால் காட்டுப் பாலைப்பழமும் உண்டு. சுண்டிக்குளத்துப் பறவைகளை எந்த நேரத்தில் பார்க்கலாம், இரணைமடுக் குளத்தில் எப்போது வான்கதவு திறக்கும் என்பதை வீட்டுக்காரரைப் போலச் சொல்ல வேறு ஆள் இல்லை. போரைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். வன்னிக்குப் போகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மவர்கள், பெரிய விடுதியைத் தேடுமுன் ஊரவரிடம் ஓர் அறை கேட்டுப் பாருங்கள். 'காசு வேண்டாம்' என்று அவர்கள் சொன்னாலும் வாடகையை முன்கூட்டியே பேசி, முழுதாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.